அத்திக்கு டார்ச், திராட்சைக்கு ஆய்வகம்: உலர்பழப் பூஞ்சை நஞ்சைச் சோதிக்கும் கருவிகள், ஒரு மதிப்பீடு

உலர்பழத்தை மொத்தமாக வாங்கிப் பொட்டலம் போடுகிறவர்களும் பேக்கரி நடத்துகிறவர்களும் பூஞ்சை நஞ்சைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினால், மூன்று கருவிகளின் பெயர் காதில் விழும்: 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சுக்கான விரைவுச் சோதனை ஸ்ட்ரிப், நீர்ச்செயல்பாடு (பழத்தின் நீரில் பூஞ்சைக்குக் கிடைக்கும் அளவு) அளக்கும் மீட்டர். நான்காவது, பணம் கட்டிப் பெறும் ஆய்வகச் சேவை. இந்த நான்கையும் பிராண்டு வாரியாக அல்லாமல் வகை வாரியாக எடைபோடுகிறது இந்த மதிப்பீடு. ஒரே வகைக்குள் பிராண்டுக்குப் பிராண்டு இருக்கும் வித்தியாசத்தைவிட, எந்தப் பழத்துக்கு எந்தக் கருவி என்பதில் செய்யும் தவறுதான் அதிகச் சேதம் செய்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மீட்டர் எல்லோருக்கும் வேண்டும். டார்ச் அத்திப்பழம் கையாளுகிறவர்களுக்கு மட்டும். ஸ்ட்ரிப்பை, உங்கள் பழத்துக்கென்றே சரிபார்க்கப்பட்டது என்று தயாரிப்பாளர் எழுத்தில் கொடுத்தால் வாங்கலாம். மக்காச்சோளத்துக்கும் நிலக்கடலைக்கும் செய்ததைப் பழக்கூழில் முக்கிப் பார்ப்பது வீண். மூன்றையும் சேர்த்து வைத்தாலும் ஆய்வகத்தின் வேலையைச் செய்யாது. ஆய்வகத்துக்கு அனுப்பும் சாம்பிள் சரியில்லை என்றாலோ, அழகாக அச்சடித்த தவறான எண் ஒன்று கைக்கு வரும்.

எந்தப் பழத்தில் எந்த நஞ்சு

கருவி வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அத்திப்பழத்தின் முதல் பகை அஃப்ளாடாக்சின். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ், ஆஸ்பெர்ஜில்லஸ் பாராசிட்டிகஸ் என்ற பூஞ்சைகள் அதை உண்டாக்குகின்றன. அத்தி மரத்திலேயே பாதி வாடி, தானாகத் தரையில் விழுந்து காயும் பழம். அடியில் இருக்கும் சிறு துளை வழியாக வித்துகளும் வண்டுகளும் உள்ளே போய்விடும். அதனால் பூஞ்சை வெளித்தோலில் இருப்பதைவிடப் பழத்தின் உட்குழியில் இருப்பதே அதிகம். வெளியே பளபளவென்று தேன் நிறத்தில் இருக்கும் பழம் உள்ளே கெட்டிருப்பது அத்தியில் புதுமை இல்லை.

உலர் திராட்சையின் கதை வேறு. அங்கே முதன்மையான நஞ்சு ஆக்ராடாக்சின் ஏ. காரணம் ஆஸ்பெர்ஜில்லஸ் கார்பனேரியஸ் என்ற கரும்பூஞ்சை. அதன் கறுப்பு வித்துகள் வெயிலைத் தாங்கும். மழையில் வெடித்த பழத்திலும் புழு துளைத்த பழத்திலும் புகுந்து, கொடியில் இருக்கும்போதும் உலர்களத்தின் முதல் நாட்களிலும் நஞ்சைச் சேர்த்துவிடும். பழம் முழுதாகக் காய்ந்தபின் அது வளராது. ஆனால் சேர்த்த நஞ்சு அப்படியே நிற்கும்.

பேரீச்சையில் பார்க்க வேண்டியது காம்பு முனையும் கொட்டையைச் சுற்றிய பகுதியும். பிளந்தால் கரித்தூள் போல உதிரும் கறுப்புப் பொடி அனேகமாக ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். புளித்த வாடை ஈஸ்டின் வேலை. ஆப்ரிகாட்டில் கந்தகப் புகை போட்ட ஆரஞ்சு நிறப் பழத்துக்குச் சல்ஃபர் டைஆக்சைடு ஓரளவு காவல். கந்தகம் போடாத பழுப்புப் பழத்துக்கு அந்தக் காவல் இல்லை, உலர்த்தலும் சேமிப்பும் மட்டுமே துணை. 'கந்தகம் இல்லாதது' என்ற லேபிளைப் பார்த்து வாங்குகிறவர்கள் ஈரப்பதத்தை இரட்டிப்புக் கவனத்துடன் பார்க்க வேண்டும் என்பதை அந்த லேபிள் சொல்வதில்லை. உலர் ஆப்பிளில் கவலை பென்சிலியம் எக்ஸ்பான்சம் என்ற பூஞ்சை தரும் பட்டுலின் என்ற நஞ்சு.

ஆக, அஃப்ளாடாக்சின் ஸ்ட்ரிப்பை வைத்துத் திராட்சையைச் சோதித்து 'நஞ்சில்லை' என்று எழுதுவது, காய்ச்சலுக்கு வந்தவருக்குக் கண் பரிசோதனை செய்து அனுப்புவது போல.

365 நானோமீட்டர் டார்ச்

மூன்று கருவிகளில் கண்ணுக்கு விருந்து இதுதான், ஏமாற்றுவதும் இதுதான். பூஞ்சை பிடித்த அத்தி புற ஊதா ஒளியில் கிளிப்பச்சை கலந்த பிரகாசமான மஞ்சளாக ஒளிரும். பலர் நினைப்பதுபோல் அந்த ஒளி அஃப்ளாடாக்சினுடையது அல்ல. அஃப்ளாடாக்சினுக்கும் ஒளிரும் குணம் உண்டு. அதன் வகைகளுக்கு வைத்த பி, ஜி என்ற பெயர்களே நீலம், பச்சை ஒளிர்வுக்கான ஆங்கில முதலெழுத்துகளிலிருந்து வந்தவைதான். ஆனால் பழத்தில் இருக்கும் மைக்ரோகிராம் அளவு கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது, அதே பூஞ்சைகள் சுரக்கும் கோஜிக் அமிலமும் பழத்திசுவில் இருக்கும் பெராக்சிடேஸ் நொதியும் சேர்ந்து உண்டாக்கும் பொருளின் ஒளியை. டார்ச் காட்டுவது 'அந்தப் பூஞ்சை இங்கே வாழ்ந்தது' என்ற தடயத்தை. நஞ்சின் அளவை அல்ல.

இந்த வேதியியலைப் புரிந்துகொண்டால் டார்ச்சின் எல்லா வரம்புகளும் விளங்கிவிடும். கோஜிக் அமிலம் சுரந்தும் நஞ்சு சுரக்காத ஃபிளேவஸ் வகைகள் உண்டு. பழம் ஒளிரும், நஞ்சு இருக்காது. பழம் நன்றாகக் காய்ந்து நொதி செயலிழந்தபிறகு, கிடங்கில் ஈரம் ஏறிப் பிடித்த பூஞ்சை ஒளிராமலே இருக்கலாம். நஞ்சு இருக்கும், ஒளி இருக்காது. நாள்பட்ட சரக்கில், குறிப்பாக வெளிச்சத்தில் கிடந்ததில், ஒளிர்வு மங்கிவிடும். நஞ்சு மங்காது. ஆக்ராடாக்சினுக்கோ இந்த ஒளியோடு சம்பந்தமே இல்லை. திராட்சைமீது டார்ச் அடித்துக்கொண்டிருப்பது நேர விரயம்.

அப்படியிருந்தும் அத்திக்கு இதைப் பரிந்துரைக்கிறோம். துருக்கியின் அத்திப்பழ ஆலைகளில் இருட்டறையில் நீளமான பெல்ட்டின்மேல் புற ஊதா விளக்குகளைத் தொங்கவிட்டு, ஒளிரும் பழங்களைக் கையால் பொறுக்கி எடுப்பது இன்றும் முறையான ஒரு கட்டம். காரணம் எளிது. அத்தியில் நஞ்சு எல்லாப் பழத்திலும் பரவிக் கிடப்பதில்லை. மிகச் சில பழங்களில் மிக அதிகமாகக் குவிந்திருக்கும். அந்தச் சிலவற்றில் பாதியைப் பொறுக்கினாலும் மொத்தச் சரக்கின் சராசரி கணிசமாகக் குறையும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அலைநீளம். 395 நானோமீட்டர் டார்ச் வேண்டாம். அதன் ஊதா வெளிச்சமே பழத்தை மூடிவிடும், மங்கலான ஒளிர்வு தெரியாது. 365 என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, முகப்பில் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி இருக்க வேண்டும். இசட்.டபிள்யூ.பி.2 என்று அதைக் குறிப்பிடுவார்கள். சரிபார்க்க எளிய வழி: இருட்டில் வெறும் சுவரில் அடித்துப் பாருங்கள். பளீரென்று ஊதா வட்டம் விழுந்தால் அது 395, அல்லது வடிகட்டி இல்லாதது. நல்ல டார்ச்சில் சுவர் ஏறக்குறைய இருட்டாகவே இருக்கும். அதே ஒளியில் வெள்ளைத் தாள் மட்டும் நீலமாகப் பளிச்சிடும்.

பயன்படுத்தும் முறையில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். அறை உண்மையிலேயே இருட்டாக இருக்க வேண்டும். ஜன்னல் இடுக்கு, சார்ஜர் விளக்கு எல்லாவற்றையும் மறைத்து, கண் இருளுக்குப் பழக 5 நிமிடம் கொடுங்கள். கறுப்பு நிற, ஒளிராத தட்டில் பழங்களை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். வெள்ளைத் துணியும் தாளும் மேஜையில் இருக்கக்கூடாது. டார்ச்சை 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் பிடித்து, பழத்தைப் புரட்டி இரு பக்கமும் பாருங்கள். அடித்துளையைத் தனியாகப் பாருங்கள். நீலவெள்ளையாக மின்னும் நூல் போன்றவை பஞ்சும் காகிதத் துகளும், அவற்றை விட்டுவிடலாம். தேட வேண்டிய நிறம் பச்சைமஞ்சள், அதுவும் திட்டாக, தோலோடு ஒட்டியதாக.

வெளியே ஒளிராத பழத்தை நல்லதென்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் குறைந்தது 50 பழங்களைக் குறுக்கே பிளந்து உள்ளே பாருங்கள். உட்குழியில் மட்டும் ஒளிரும் பழங்கள் இருக்கின்றன, அவை பெல்ட்டில் தப்பித்து வந்தவை. பிளந்ததில் ஒன்றிரண்டு ஒளிர்ந்தாலே அந்தப் பெட்டியை முழுவதுமாக ஆய்வக முடிவு வரும்வரை தள்ளிவைப்பது எங்கள் அளவுகோல். கறாராகத் தோன்றலாம். ஏன் என்பது கீழே சாம்பிள் கணக்கைப் பார்த்தால் தெரியும்.

புற ஊதா ஒளியை முழுவதும் தடுக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி கட்டாயம். பாதுகாப்புக்கு மட்டுமல்ல, கண்ணில் படியும் மங்கலான மூட்டத்தை அது எடுத்துவிடுவதால் ஒளிர்வும் தெளிவாகத் தெரியும். கண்ணாடி இல்லாமல் டார்ச்சை மட்டும் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

வெள்ளைப் பொடி என்ற பழைய குழப்பம்

அத்தி, பேரீச்சை, கொடிமுந்திரி (ப்ரூன் எனப்படும் உலர் பிளம்) மேல் வெள்ளையாகப் படிந்தால் பூசணம் பூத்துவிட்டது என்று பதறித் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு, பூசணத்தைச் சர்க்கரை என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. ஒரு துளி வெதுவெதுப்பான நீர் வைத்தால் சர்க்கரைப் படிகம் ஒரு நிமிடத்தில் கரைந்து மறையும். பூஞ்சை இழை நனைந்து படுக்குமே தவிர கரையாது. விரலால் தேய்த்தால் சர்க்கரை நறநறவென்று இருக்கும், பூஞ்சை பஞ்சாகச் சுருளும். உருப்பெருக்கியில் ஒன்று கோணமுள்ள துகள், மற்றது நூல். இதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

விரைவுச் சோதனை ஸ்ட்ரிப்

கர்ப்பப் பரிசோதனைப் பட்டை போலவே இருக்கும், ஆனால் படிக்கும் விதம் தலைகீழ். இது போட்டி முறைச் சோதனை. நஞ்சு இல்லாவிட்டால் சோதனைக் கோடு அழுத்தமாக விழும். நஞ்சு கூடக்கூடக் கோடு மங்கி, கடைசியில் மறையும். கோடு வந்தால் ஆபத்து என்று பழக்கதோஷத்தில் படித்து, கெட்ட சரக்கை உள்ளே விட்டு நல்லதைத் திருப்பி அனுப்பும் தவறு நடக்கக்கூடியது. ஸ்ட்ரிப் பெட்டியின் மூடியிலேயே பெரிதாக 'கோடு உண்டு என்றால் குறைவு, கோடு இல்லை என்றால் அதிகம்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். கட்டுப்பாட்டுக் கோடு விழாத ஸ்ட்ரிப் எதைச் சொன்னாலும் செல்லாது.

வழக்கமான செய்முறை இது: நன்றாக அரைத்த சாம்பிள் 20 கிராம், 70 சதவீத மெத்தனால் 100 மி.லி., மூன்று நிமிடம் பலமாகக் குலுக்கல், தெளியவிட்டு வடிகட்டல், நீர்த்தல் திரவத்துடன் கலத்தல், ஸ்ட்ரிப்பை நிறுத்தி சொன்ன நேரத்தில் படித்தல். தானியத்தில் இது சுலபமாக நடக்கும். பழத்தில் ஒவ்வொரு படியும் முரண்டு பிடிக்கும்.

முதலில் அரைப்பது. அத்தியும் பேரீச்சையும் மிக்சியில் போட்டால் பொடியாகாது, பிளேடைச் சுற்றி உருண்டையாக ஒட்டிக்கொண்டு மோட்டாரைச் சூடாக்கும். எடைக்கு எடை தண்ணீர் சேர்த்துக் கூழாக்குவதே வழி. ஆனால் அப்படிச் சேர்த்த தண்ணீரைக் கணக்கில் கொள்ளாவிட்டால் எண் பாதியாகிவிடும். 20 கிராம் பழம் வேண்டுமென்றால் 40 கிராம் கூழ் எடுக்க வேண்டும். அதிலுள்ள 20 மி.லி. நீர் மெத்தனாலின் சதவீதத்தையும் குறைத்துவிடும், ஆகவே கரைசலை அதற்கேற்பக் கூடுதல் செறிவில் கலக்க வேண்டும். உதாரணமாக 70 மி.லி. மெத்தனாலும் 10 மி.லி. தண்ணீரும் ஊற்றினால், கூழின் 20 மி.லி. நீரோடு சேர்ந்து 70 சதவீதக் கணக்கு சரியாக வரும். கையேட்டில் இந்தத் திருத்தம் இல்லாத ஸ்ட்ரிப், பழத்துக்காகத் தயாரானது அல்ல என்று புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது சர்க்கரையும் புளிப்பும். பழச்சாறு அமிலத்தன்மை கொண்டது, ஸ்ட்ரிப்பில் இருக்கும் எதிர்ப்பொருளோ நடுநிலையான திரவத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அமிலம் மிகுந்தால் கோடே சரியாக எழாமல் போய், நஞ்சில்லாத பழத்தையும் நஞ்சு என்று காட்டக்கூடும். பி.எச். தாள் ஒன்றை வைத்து 7க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தாங்கல் கரைசலைக் கொண்டு சரிசெய்யுங்கள். சர்க்கரைக் கெட்டி திரவத்தை மெதுவாக நகரவைக்கும். படிக்கும் நேரம் பிசகும். கொடிமுந்திரி, கறுப்புத் திராட்சையின் சாயம் கோட்டின்மேலேயே படிந்து, கோட்டைப் படிக்கும் ரீடர் கருவியைக் குழப்பும். ஆக்ராடாக்சின் ஸ்ட்ரிப்பில் இன்னொரு சிக்கல்: அந்த நஞ்சே ஒரு மென்னமிலம் என்பதால் புளிப்பான திரவத்தில் சரியாகப் பிரிந்து வராது. அதனால்தான் பல ஆய்வக முறைகளில் பைகார்பனேட் கலந்த கரைசலில் பிரித்தெடுக்கிறார்கள்.

ஸ்ட்ரிப்பின் வெட்டு எல்லையையும் பாருங்கள். கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால்தான் சொல்லும் ஸ்ட்ரிப், அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் உணவுப்பொருளுக்கு வைத்திருக்கும் 20 என்ற மொத்த அஃப்ளாடாக்சின் வரம்புக்குப் பொருந்தும். சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் உலர் அத்திக்கு வைத்த 10க்குப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/915 விதியில் அத்திக்கு மொத்தம் 10, பி1 என்ற வகை தனியாக 6. நேரடியாக உண்ணும் மற்ற உலர்பழங்களுக்கு மொத்தம் 4, பி1 2. அந்தச் சந்தைக்கு அனுப்புகிறவருக்கு 20 எல்லை ஸ்ட்ரிப் ஆறுதல் தருமே தவிரப் பயன் தராது.

இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் ஒரு குறை மிச்சம், அது ஸ்ட்ரிப்பின் குற்றமல்ல. ஒரு கணக்குப் போடலாம். ஆயிரத்தில் ஒரு அத்தி கெட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பழம் சுமார் 16 கிராம் என்றால் 1 கிலோவில் ஏறக்குறைய 60 பழங்கள். அந்த 1 கிலோ சாம்பிளில் கெட்ட பழம் ஒன்றுகூட வராமல் போக வாய்ப்பு 94 சதவீதம். 10 கிலோ எடுத்தால் அது 55 சதவீதமாகும். 30 கிலோ எடுத்தால்தான் 16, 17 சதவீதத்துக்கு இறங்கும். கெட்ட அந்த ஒரு பழத்தில் கிலோவுக்கு 10,000 மைக்ரோகிராம் என்ற விகிதத்தில் நஞ்சு இருந்தால், அது விழுந்த 10 கிலோ சாம்பிளின் சராசரி சுமார் 16 ஆகி வரம்பைத் தாண்டும். விழாத சாம்பிள் பூஜ்யம் காட்டும். இரண்டும் ஒரே மூட்டையிலிருந்து வந்தவை, இரண்டு எண்ணும் சரி. ஐரோப்பிய விதிகள் பெரிய அத்தி லாட்டுக்கு (ஒரே தொகுதியாக வரும் சரக்குக்கு) 100 இடங்களிலிருந்து தலா 300 கிராமாக 30 கிலோ எடுக்கச் சொல்வதும், அதை மூன்று 10 கிலோ சாம்பிள்களாகப் பிரித்து மூன்றுமே தேற வேண்டும் என்று கேட்பதும் இதனால்தான். ஒரு கைப்பிடி பழத்தை அரைத்து 20 கிராம் எடுத்து ஸ்ட்ரிப் போடுகிறவர், அந்தக் கைப்பிடியைப் பற்றி மட்டுமே தெரிந்துகொள்கிறார்.

திராட்சையில் நிலைமை கொஞ்சம் தேவலை. பழம் சிறியது, ஒரு கிலோவில் ஆயிரக்கணக்கில் இருக்கும், சாம்பிள் விகிதம் தானாகவே நன்றாக அமையும். அதனால் சிறிய சாம்பிளுக்கும் அத்தியைவிட நம்பகம் கூடுதல்.

சுருக்கமாக, ஸ்ட்ரிப்பில் 'அதிகம்' என்று வந்தால் நம்பி லாட்டை நிறுத்துங்கள். 'குறைவு' என்று வந்ததை வைத்து லாட்டை விடுவிக்காதீர்கள். மெத்தனால் நஞ்சு என்பதால் கையுறை, காற்றோட்டம் வேண்டும். உணவு தயாரிக்கும் அறையில் இந்த வேலை கூடாது, மிக்சி ஜாரும் தனியாக இருக்கட்டும்.

நீர்ச்செயல்பாடு மீட்டர்

பார்க்க அலுப்பான கருவி, பயனில் முதலிடம். பழத்தில் எத்தனை சதவீதம் நீர் இருக்கிறது என்பதல்ல, அந்த நீரில் எவ்வளவு பூஞ்சைக்குக் கிடைக்கும் என்பதை 0 முதல் 1 வரை காட்டுகிறது. ஈரப்பத மீட்டர் இதற்கு மாற்றாகாது. 24 சதவீத ஈரமுள்ள அத்தியும் 16 சதவீத ஈரமுள்ள திராட்சையும், சர்க்கரை நீரைப் பிடித்து வைப்பதால், பூஞ்சைக்கு ஏறக்குறைய ஒரே அளவு வறட்சியாக இருக்கக்கூடும். மரக்கட்டைக்குச் செய்த ஊசி மீட்டரைப் பழத்தில் குத்துகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எண்களை மனதில் வைத்துக்கொள்வது எளிது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் வளர ஏறத்தாழ 0.80 வேண்டும், நஞ்சு சுரக்க அதற்கும் சற்று மேலே. வறட்சியை விரும்பும் சில பூஞ்சைகள் 0.61 வரைகூட ஊர்ந்து வளரும். அதனால் சேமிப்புக்கு 0.65க்குக் கீழே என்பது நல்ல இலக்கு. 0.70ஐத் தாண்டிய பழத்தைக் கிடங்கில் வைக்காமல் உடனே மறுபடி உலர்த்த வேண்டும், அல்லது குளிரில் வைக்க வேண்டும். மென்மையாக வாயில் கரைவதற்காக நீர் ஏற்றிப் பதப்படுத்திய கொடிமுந்திரி, ஆப்ரிகாட் வகைகள் இந்த எல்லையைத் தாண்டியே விற்கப்படுகின்றன. அவற்றைக் காப்பது பொட்டாசியம் சார்பேட்டும் காற்றுப் புகாத உறையும். உறையைப் பிரித்தபின் குளிர்பெட்டிதான் இடம்.

அளக்கும்போது பழத்தை முழுதாகப் போடாதீர்கள். தோல் காய்ந்து, உள்ளே ஈரமாக இருக்கும் பழத்தில் எண் ஏமாற்றும். சிறு துண்டுகளாக நறுக்கி, கிண்ணத்தில் பாதி அளவுக்கு மட்டும் நிரப்பி, விளிம்பைத் துடைத்து, உடனே மூடுங்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பழம் மூடிய பையிலேயே அறை வெப்பத்துக்கு வர வேண்டும். சில்லென்ற பழத்தைப் போட்டால் எண் நிலைபெற நேரம் பிடிக்கும், பிசகவும் கூடும். குளிர்கண்ணாடி வகை மீட்டர் ஐந்தாறு நிமிடத்தில் முடித்துவிடும். மின்தேக்க சென்சார் வகை பழத்துக்கு அரை மணி நேரம்கூட எடுக்கும், எண் நகர்வது நின்றபிறகே குறித்துக்கொள்ள வேண்டும். கந்தகம் போட்ட ஆப்ரிகாட்டின் ஆவி மின்தேக்க சென்சாரைக் காலப்போக்கில் கெடுக்கும். அந்தப் பழம் அதிகம் கையாளுகிறவர் குளிர்கண்ணாடி வகையை வாங்குவது மேல்.

அளவீட்டைச் சரிபார்க்க விலையுயர்ந்த திரவம் வேண்டியதில்லை. தூய சோடியம் குளோரைடில் சில துளி வாலைவடிநீர் விட்டு, கரையாத உப்பு மிஞ்சும் ஈரச்சேறாக்கினால் 25 டிகிரி செல்சியஸில் 0.753 காட்ட வேண்டும். மெக்னீசியம் குளோரைடு சேறு 0.328. நீர் ஏற்றாத உலர்பழம் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்தான் வருகிறது. வாரம் ஒருமுறை பாருங்கள், 0.02க்கு மேல் பிசகினால் அன்றைய எண்களை எழுதாதீர்கள்.

இந்த மீட்டரின் எல்லையையும் சொல்ல வேண்டும். இனிமேல் பூஞ்சை வளருமா என்பதை இது சொல்லும். ஏற்கெனவே சேர்ந்த நஞ்சைப் பற்றி ஒன்றும் தெரியாது. தோட்டத்திலேயே நஞ்சேறிய அத்தி 0.58 என்று அழகாகக் காட்டும். ஆனால் கையில் இருக்கும் சரக்கு மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே வாங்கியவரின் கட்டுப்பாட்டில் இருப்பதால், தினமும் கைகொடுப்பது இதுதான்.

ஒரு பக்கக் குறிப்பு. பருப்புகளையும் உலர்பழத்தையும் ஒரே பையில் கலப்பவர்கள் இரண்டையும் தனித்தனியே அளந்து, எண்கள் நெருங்கியிருந்தால் மட்டும் கலக்கவும். நீர் எப்போதும் அதிக எண்ணிலிருந்து குறைந்த எண்ணுக்குப் போகும். 0.65 திராட்சையும் 0.40 பாதாமும் ஒரே பையில் கிடந்தால் திராட்சை கல்லாகும், பாதாம் நமத்துப்போகும். கிடங்கிலும் இதே தத்துவம்தான் வேலை செய்கிறது. பகலில் சூடேறி இரவில் குளிரும் தகரக் கூரைக்குக் கீழே, மூட்டையின் நடுவிலிருந்து கிளம்பும் ஈரம் மேல் அடுக்கில் வியர்த்து நிற்கும். லாட்டின் சராசரி 0.62 என்றிருந்தும் மேலோரத்து நான்கு பெட்டிகளில் பூசணம் பிடிப்பது இப்படித்தான். அளக்கும்போது நடுவில் மட்டும் எடுக்காமல் மூலை, மேல், சுவரோரம் என்று எடுங்கள்.

ஆய்வகச் சேவை

ஆய்வகத் திறனுக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்த அங்கீகாரத்தின் பட்டியலில் உலர்பழம் இருக்கிறதா, அஃப்ளாடாக்சினோடு ஆக்ராடாக்சினும் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். தானியத்துக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் பழத்துக்கும் அறிக்கை தரலாம், ஆனால் அந்த எண் அங்கீகாரத்துக்குள் வராது.

அதைவிட முக்கியமான கேள்வி: நான் அனுப்பும் 10 கிலோவில் எவ்வளவை அரைப்பீர்கள்? 'மேலே இருந்து 100 கிராம் எடுத்துக்கொள்வோம்' என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். மேலே போட்ட கணக்கு மொத்தமும் அங்கே பாழாகிவிடும். முழு 10 கிலோவையும் தண்ணீர் சேர்த்துக் கூழாக்கி, அந்தக் கூழிலிருந்து சிறு பங்கை எடுக்கிற ஆய்வகமே அத்திக்கு உகந்தது. நோயெதிர்ப்பு ஈர்ப்புக் குழாயில் சுத்தப்படுத்தி எச்.பி.எல்.சி. (கரைசலின் கூறுகளைப் பிரித்தறியும் கருவி) ஒளிர்வு முறையில் அளப்பதும், நேராக நிறை நிறமாலைமானி இணைத்த முறையில் அளப்பதும் இரண்டுமே நல்ல முறைகள். ஒன்றைவிட மற்றது உயர்வு என்று யோசிக்க வேண்டாம். வேறுபாடு அரைப்பதில் இருக்கிறது.

அறிக்கையில் 'கண்டறியப்படவில்லை' என்றிருந்தால் பக்கத்தில் அளவிடும் எல்லை எத்தனை என்று எழுதியிருக்க வேண்டும். கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் எல்லையில் கண்டறியப்படாததும் 5 எல்லையில் கண்டறியப்படாததும் ஒன்றல்ல, வரம்பு 2 ஆக இருக்கும்போது இரண்டாவது அறிக்கை வெறும் தாள். அதோடு அளவீட்டு நிச்சயமின்மை, மீட்புச் சதவீதம் (தெரிந்தே சேர்த்த நஞ்சில் எவ்வளவு சோதனையில் திரும்பக் கிடைத்தது) இரண்டும் இருக்க வேண்டும். திராட்சைக்கும் அத்திக்கும் ஐரோப்பிய வரம்பில் ஆக்ராடாக்சின் 8, மற்ற உலர்பழங்களுக்கு 2 என்பதை நினைவில் வைத்து, அறிக்கையின் எண்ணை எந்த வரிசையோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். திராட்சையின் 8ஐ ஆப்ரிகாட்டுக்கும் வைத்துத் தேர்ச்சி என்று எழுதினால் அது தேர்ச்சியல்ல.

சரக்கு தேறவில்லை என்றால்

கழுவுவது, வறுப்பது, கேக்கில் போட்டு வேகவைப்பது எதுவும் உதவாது. அடுப்பு வெப்பத்தில் அஃப்ளாடாக்சின் பெருமளவு அழியாது. கழுவினால் மேல்வித்துகள் போகும், உள்ளிருக்கும் நஞ்சு போகாது, மேலும் ஈரம் ஏறிப் புதிதாகப் பூசணம் பிடிக்கும். நல்ல சரக்கோடு கலந்து சராசரியைக் குறைப்பதை ஐரோப்பிய விதி வெளிப்படையாகத் தடைசெய்கிறது. மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்ற யோசனையும் ஆபத்து. பி1 பசுவின் உடலில் எம்1 என்ற இன்னொரு அஃப்ளாடாக்சினாக மாறிப் பாலில் வந்துவிடும். அத்தியில் மட்டும் டார்ச் வைத்துப் பொறுக்கி மறுசோதனைக்கு அனுப்ப இடமுண்டு. பொறுக்கி எடுத்த பழங்களைச் சாயம் தெளித்து அடையாளமிட்டு அழியுங்கள், இல்லையென்றால் அவை எப்படியோ பேஸ்ட் ஆகித் திரும்பி வரும். அத்திப் பேஸ்ட், அத்தித் தூள் இரண்டையும் மூலப்பழத்தின் ஆய்வறிக்கை இல்லாமல் வாங்காமல் இருப்பதே நல்லது, அரைத்தபின் எந்த டார்ச்சும் எதையும் காட்டாது.

வீட்டுக்கு அரைக் கிலோ வாங்குகிறவருக்கு மேலே சொன்ன கருவி எதுவும் தேவையில்லை. அத்தியை முழுதாக வாயில் போடாமல் பிளந்து, உள்ளே கறுப்பு அல்லது பச்சை மஞ்சள் பொடி, கசப்பு வாடை இருக்கிறதா என்று பார்த்துச் சாப்பிடுங்கள், பேரீச்சையையும் அப்படியே. பொடி இருந்தால் அந்தப் பழத்தை ஓரமாக வெட்டி மீதியைத் தின்னாமல் முழுதாக எறியுங்கள். பிரித்த உறையை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெளியே எடுக்கும்போது தேவையானதை மட்டும் எடுத்து உடனே மூடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த பழத்தின்மேல் அறைக்காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும்.